முன்னாள் கடற்கரையில் ஒரு நடை: சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவின் வழிபாட்டு இடங்கள்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவுக்குப் போகிறவர் மினாராக்களையும் டிராகன் கூரைகளையும் அண்ணாந்து பார்க்கும் முன் வாசல் எண்களைக் கவனிக்க வேண்டும். ஹக்கா, காண்டனீஸ் மக்கள் எழுப்பிய ஃபூக் தக் சி கோயிலின் எண் 76. ஹக்காச் சங்கமான இங் ஃபோ ஃபூய் குன் 98. நாகூர் தர்கா 140. கடல் அன்னைக்கு எடுத்த தியன் ஹோக் கெங் கோயில் 158. அல்-அப்ரார் பள்ளிவாசல் 192. எல்லாம் இரட்டைப்படை எண்கள். எல்லாம் தெருவின் ஒரே பக்கத்தில் நிற்பவை. எதிர்வரிசையில் ஒற்றைப்படை எண்ணோடு நிற்பது சீன மெதடிஸ்ட் தேவாலயம். அதன் எண் 235. அது 1920களின் கட்டடம். இரட்டைப்படை வரிசை இடங்களோ 1820களிலும் 1830களிலும் வேர்விட்டவை.

இந்த நூறாண்டு இடைவெளிக்குக் காரணம் நிலவியல். 1820களில் தேவாலயம் நிற்கும் பக்கம் கடலாக இருந்தது. தெலுக் ஆயர் அன்று வளைகுடாவின் ஓரத்தில் ஓடிய கரைச்சாலை. நாகப்பட்டினத்திலிருந்தோ ஃபூஜியனிலிருந்தோ வந்த கப்பல்கள் வெளியே நங்கூரமிடும். படகில் வந்து இறங்குபவரின் கால் முதலில் படும் மண் இந்தத் தெரு. 1879இல் தொடங்கிய கடல்தூர்ப்பு வேலையில் அருகிலிருந்த வாலிக் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிக் கரையைத் தள்ளிவிட்டார்கள். பிற்காலத் தூர்ப்புகள் மேலும் தள்ளின. இன்று கோயில் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிபவை அலுவலக மாடிகள்தாம். கடல் அவற்றுக்கும் அப்பால் போய்விட்டது.

பல இன, பல மத நகரம் என்று சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்தத் தெருவைச் சான்று காட்டுவார்கள். சில நிமிட நடைக்குள் தர்கா, தாவோயிசக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் வந்துவிடுகின்றன. இதை நல்லிணக்கத்தின் அடையாளம் என்று மட்டும் சொல்லி நகர்வது, இதைக் கட்டியவர்களுக்குச் செய்யும் அநீதி என்பது என் கருத்து. அவர்கள் நல்லிணக்கத்தை நிரூபிப்பதற்காக அங்கே கூடவில்லை. உயிரோடு கரையேறியதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. நன்றி சொல்ல ஏற்ற இடம் கரைதான். அண்டை வீட்டுக்காரர்கள் ஆனது அதன் விளைவு.

இதைப் புரிந்துகொள்ள ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் வணிகத்தளம் அமைத்த அவர், 1822இல் நகரக் குழு ஒன்றை நியமித்தார். லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்த படத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பகுதி: ஆற்றின் தென்மேற்கே சீனர், கம்போங் கிளாமில் அரபியரும் பூகிஸ் மக்களும், ஆற்றுக்கு மறுகரையில் ஐரோப்பியர், ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் ஆவணங்கள் சூலியா என்று குறிக்கின்றன. சீனருக்குள்ளும் மாநிலவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது ராஃபிள்ஸின் எண்ணம். ஆனால் திட்டம் பிரித்ததைத் துறைமுகம் கலைத்துவிட்டது. படகோட்டி, சுமைதூக்கி, சில்லறை மாற்றுபவர், துணி வியாபாரி என்று கடலை நம்பிப் பிழைத்தவர்கள் கடலோரத்திலேயே கூடினார்கள். படத்தில் சீனர் பகுதி என்று எழுதியிருந்த இடத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் மூன்று பெரிய சமயக் கட்டடங்களை எழுப்பியது இப்படித்தான்.

அவற்றில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைப்பது நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. நாகூர் ஆண்டவர் என்று தமிழ்நாட்டில் எல்லா மதத்தாரும் அழைக்கும் சாகுல் ஹமீது ஒலியுல்லா 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய அடக்கத்தலம் நாகூரில்தான் இருக்கிறது. சிங்கப்பூரிலோ பினாங்கிலோ உள்ள தர்காக்களில் அவர் அடங்கவில்லை. கடலில் காப்பவர் என்று கப்பலோட்டிகள் நம்பியதால், அவர்கள் கரையேறிய துறைமுகங்களில் அவருடைய நினைவுக்கு இடம் எடுத்தார்கள். புனிதரின் உடல் ஓரிடத்தில், காவல் பல துறைகளில் என்னும் இந்த ஏற்பாடு, கடலோடி மக்களின் பக்தி எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் அருமையான சான்று.

கட்டடத்தின் முகப்பைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் கிரேக்க–ரோமானிய பாணித் தூண்களும் வளைவுகளும். மேலே ஓர் அரண்மனையின் சிறு வடிவம்போல் குட்டிக் குட்டிச் சாளரங்களும் துளையிட்ட தடுப்புகளும். இரு மூலைகளிலும் அடுக்கடுக்காகக் குறுகி உயரும் மினாராக்கள். நாகூரைப் பார்த்தவருக்கு அந்த அடுக்குகள் உடனே ஊரை நினைவூட்டும். நாகூரின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். ஒரு முஸ்லிம் புனிதருக்கு இந்து மன்னர் எழுப்பிய மினாராவின் சாயலை, மறுகரையில், ஐரோப்பியத் தூண்கள்மேல் தமிழர் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கலப்பு என்பது சிங்கப்பூருக்கு வந்தபின் தொடங்கியதல்ல. மூட்டையோடு மூட்டையாக வந்தது.

2011 முதல் இந்தக் கட்டடம் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. பழுதுபார்த்துக் காப்பாற்றியதில் மகிழ்ச்சிதான்.

இரண்டு எட்டு தள்ளி தியன் ஹோக் கெங். ஹொக்கியன் மக்கள் 1820களின் தொடக்கத்தில் இங்கே சிறு கோயில் ஒன்றை வைத்திருந்தார்கள். இப்போதுள்ள கோயிலை 1839இல் தொடங்கி 1842இல் முடித்தார்கள். முதன்மைக் கொடையாளர் மலாக்காவில் பிறந்த வணிகர் டான் டொக் செங். இன்றும் அவர் பெயரில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. மூலவர் மாட்சு அன்னை. 10ஆம் நூற்றாண்டில் ஃபூஜியன் கரையோரத்து மெய்சோ தீவில் பிறந்து, கடலில் தவிப்போரைக் காத்த பெண்ணாக வணங்கப்படுபவள். 1840இல் அவள் சிலை ஃபூஜியனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். கருங்கல்லும் மரவேலையும் சீனாவிலிருந்து வந்தவை. முன்புற இரும்பு வேலி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்தது. 1907இல் சீனப் பேரரசர் குவாங்சு, தென்கடலில் அலைகள் அமைதியாக இருக்கட்டும் என்னும் பொருள்பட ஒரு பலகை அனுப்பினார். அப்போது கோயிலின் முன்னால் கடல் இல்லை. தூர்த்து ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆனாலும் அலைகளுக்கான வேண்டுதலே வந்தது.

நாகூர் ஆண்டவரும் மாட்சு அன்னையும் அருகருகே இருப்பதுதான் இந்தத் தெருவின் மையச் செய்தி. இருவரும் ஒரே வேலையைச் செய்பவர்கள். சோழமண்டலக் கரையும் ஃபூஜியன் கரையும் ஒரே அச்சத்தோடு கடலில் இறங்கின, ஒரே வகைக் காவலை நாடின. இந்த இரு கரைகளும் சந்தித்தது 19ஆம் நூற்றாண்டில் முதல் முறையும் இல்லை. ஃபூஜியனின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எடுத்திருந்தார்கள். அங்கே கிடைத்த தமிழ், சீனக் கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தெலுக் ஆயரில் அந்தப் பழைய உறவு மூன்றாவது ஊர் ஒன்றில், புது மக்களால், வேறு தெய்வங்களின் பேரில் தொடர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827இல் கூரைவேய்ந்த குடிசையாகத் தொடங்கியது. குச்சுப் பள்ளி என்பது தமிழர் வைத்த பெயர். 1850களில் செங்கல் கட்டடமானது. வெள்ளிக்கிழமைக் குத்பா இன்றும் இங்கே தமிழில் ஒலிக்கிறது. வேறு மொழி பேசும் நகரத்தின் நட்டநடுவில், இரு நூற்றாண்டுகளாக ஒரு மொழி ஓரிடத்தில் ஓதுமொழியாகத் தங்கியிருப்பது சாதாரணம் இல்லை.

தெருவின் எதிர்ப்பக்கத்துத் தேவாலயத்தின் சபை, 1889இல் பெஞ்சமின் வெஸ்ட் என்னும் மருத்துவ மிஷனரி ஒரு கடைவீட்டில் தொடங்கியது. தூர்த்த நிலத்தில் 1924இல் அடிக்கல் நாட்டி, அடுத்த ஆண்டு திறந்தார்கள். உச்சியில் சீனப் பாணி மண்டபக் கூரை இருக்கிறது. போர்க்காலத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்த இடம். கடல் காவலுக்கான அடையாளம் எதுவும் இங்கே இல்லை. இதைக் கட்டியபோது சபையார் கரையேறிக் குடியமர்ந்துவிட்டவர்கள்.

ஸ்ரீ மாரியம்மன் மட்டும் ஏன் இந்தக் கரையில் இல்லை என்று வாசகர் கேட்கலாம். இருந்திருக்க வேண்டியவள். ராஃபிள்ஸோடு 1819 மே மாதம் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை வைத்தும் துணி வியாபாரம் செய்தும் தமிழரின் தலைவராக உயர்ந்தவர். கோயிலுக்கு முதலில் அவருக்குக் காட்டிய இடம் தெலுக் ஆயர் தெருவில்தான். ஆனால் அங்கே நன்னீர் கிடையாது. அபிஷேகத்துக்கும் நித்திய பூசைக்கும் உப்பு நீர் உதவாது. அடுத்து ஒதுக்கிய மனை நகரத் திட்டத்தோடு முரண்பட்டது. மூன்றாவதாக 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகக் கோயில் எழுந்தது. மெதடிஸ்ட் தேவாலயத்திலிருந்து மேட்டைக் கடந்து அங்கே நடந்துபோகப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம், உப்புத் தண்ணீரை முன்னிட்ட பக்தியிலிருந்து நல்ல தண்ணீர் தேடிய பக்திக்குப் போகும் தூரம்.

1843இல் கோயில் செங்கல்லும் சுண்ணாம்புமாக உருமாறியது. அந்த வேலையில் பெரும்பகுதி, தண்டனை முடிந்த இந்தியக் கைதிகளின் கைவண்ணம் என்று கருதப்படுகிறது. இன்றுள்ள ராஜகோபுரம் 1925இல் எழுந்தது. நாகப்பட்டினம், கடலூர் பக்கத்துக் கைவினைஞர்கள் வந்து செய்த திருப்பணிகள் பல. 1840இலிருந்து தீமிதி நடக்கிறது. மூலவர் மாரியம்மன் என்றாலும் தீமிதி திரௌபதை அம்மனுக்கு உரியது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாக நகரத்தின் நடுவே நடந்து வந்து இங்கே பூக்குழி இறங்குகிறார்கள். புதிதாக வந்தவருக்குத் தங்க இடமும் வேலைக்கு வழியும் காட்டியது இந்தக் கோயில். தொடக்க காலத்தில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் உரிமையும் இதற்குத்தான் இருந்தது. 2023 பிப்ரவரி 12 அன்று குடமுழுக்கு நடந்தபோது, தமிழ்நாட்டுச் சிற்பிகள் மீண்டும் வந்து சுதைச் சிற்பங்களைச் செப்பனிட்டிருந்தார்கள்.

கோயிலின் இருபுறமும் உள்ள தெருக்களின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: ஒருபுறம் பகோடா ஸ்ட்ரீட், மறுபுறம் டெம்பிள் ஸ்ட்ரீட். ஐரோப்பியர் பகோடா என்று குறித்தது மாரியம்மன் கோபுரத்தை. பகோடா ஸ்ட்ரீட்டுக்கு அடுத்து மாஸ்க் ஸ்ட்ரீட். ஜாமியா சூலியா பள்ளிவாசல் தந்த பெயர் அது. இன்று சைனாடவுன் என்று உலகம் அறியும் பகுதியின் மூன்று தெருக்கள் தமிழரின் கோயிலாலும் பள்ளிவாசலாலும் பெயர் பெற்றவை.

பெரிய பள்ளி என்று தமிழர் அழைத்த ஜாமியா பள்ளிவாசலை 1826இல் அன்சார் சாஹிப் தலைமையில் சூலியாக்கள் நிறுவினார்கள். கட்டடம் 1835 வாக்கில் முடிந்தது. வாயிலில் இரு எண்கோண மினாராக்கள், இடையே சின்ன அரண்மனைபோல் ஒரு முகப்பு. இந்தப் பள்ளியில் கவனிக்க வேண்டியது திசை. வாயில் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு இணையாக நிற்கிறது. உள்ளே தொழுகைக்கூடம் சாய்ந்து திரும்பியிருக்கிறது, கிப்லாவை நோக்கி. ஆங்கிலேயர் அளவெடுத்துப் போட்ட சாலைக்கு முகப்பைக் கொடுத்துவிட்டு, தொழுகையின் திசையை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். குடியேற்ற ஆட்சியின் கீழ் ஒரு சமூகம் எதில் வளைந்தது, எதில் வளையவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் கிடைப்பது அரிது.

இங்கிருந்து ஆற்றைக் கடந்து ஐரோப்பியர் பகுதிக்குப் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். வெள்ளைவெளேரென்று நிற்கும் இந்த ஆங்கிலிக்கன் ஆலயம் 1862இல் திருநிலைப்படுத்தப்பட்டது. ரொனால்ட் மெக்ஃபர்சன் வரைந்தார். இந்தியக் கைதிகள் கட்டினார்கள். 1825 முதல் இந்தக் கைதிகளைக் கம்பெனி சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. சாலைகளும் பாலங்களும் அவர்கள் உழைப்பு. ஆலயச் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: சங்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்து, காய்ந்தபின் தேய்த்து மெருகேற்றும் முறை. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்த வழவழப்பு தெரியும். மாரியம்மன் கோயிலுக்கும் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்கும் உள்ள ஆழமான உறவு இந்தக் கைகள்தான். அந்த மனிதர்களின் பெயர்கள் சுவர்களில் இல்லை. நல்லிணக்கம் பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடம் கொடுக்காமல் விடுவது பெரிய குறை.

இந்த அண்மை எப்போதும் அமைதியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1854இல் ஹொக்கியன், தியோச்சியூ மக்களுக்கு இடையே வெடித்த கலவரத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்கள் வணங்கிய தெய்வங்கள் பலவும் பொது. பேச்சும் ஊரும்தான் வேறு. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோ என்னும் சிறுமியின் வளர்ப்புரிமை வழக்கையொட்டி நடந்த கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய மோதலும், செப்டம்பரில் தொடர்ந்ததும் சேர்ந்து 36 உயிர்களைக் குடித்தன. மதத் தலைவர்கள் கூடிய சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949இலேயே தோன்றியிருந்தது. ஆயினும் இன்றைய சிங்கப்பூர் அரசின் மதக் கொள்கையை வடிவமைத்தது 1964இன் அச்சம். 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது.

நிலம் பற்றிய சட்டம் அதைவிட ஆழமாக ஊரை மாற்றியது. 1966இன் நிலக் கையகப்படுத்தல் சட்டம் வந்தபின் பல சிறு கோயில்கள் இடம்பெயர்ந்தன. இரண்டு மூன்று சீனக் கோயில்கள் ஒரே மனையில் கூடி வாழும் ஏற்பாடுகள் பிறந்தன. புதிய கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் குடியிருப்புப் பேட்டைகளில் கிடைக்கும் மனை பொதுவாக 30 ஆண்டுக் குத்தகைக்கே. 1973இல் முதல் எட்டு தேசிய நினைவுச்சின்னங்களை அறிவித்தார்கள். அவற்றில் ஆறு வழிபாட்டு இடங்கள்: தியன் ஹோக் கெங், ஸ்ரீ மாரியம்மன், ஹாஜா பாத்திமா பள்ளிவாசல், ஆர்மீனியன் தேவாலயம், செயின்ட் ஆண்ட்ரூஸ், நல்லாயன் பேராலயம். நாகூர் தர்கா, அல்-அப்ரார், ஜாமியா மூன்றும் 1974இல் சேர்ந்தன. இந்தப் பட்டியல்களில் அரசின் கவனமான சமன்பாடு தெரிகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கவனம் இல்லையென்றால் தெலுக் ஆயரின் இரட்டைப்படை வரிசை வங்கிக் கட்டடங்களாகியிருக்கும்.

ஆனால் காப்பது வேறு, வழிபாடு தொடர்வது வேறு. 1824இன் ஃபூக் தக் சி கோயில் 1994இல் மூடப்பட்டு, 1998இல் அருங்காட்சியகமானது. அழகாகச் செப்பனிட்டிருக்கிறார்கள். ஊதுவத்திப் புகைதான் இல்லை.

புகை இருக்கும் இடத்தைப் பார்க்க வாட்டர்லூ ஸ்ட்ரீட் போக வேண்டும். 1870இல் ஆலமரத்தடியில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், 1884இல் எழுந்த குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலும் அங்கே அருகருகே உள்ளன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அதற்கென வாசலில் ஊதுவத்திச் சட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குச் சட்டமும் இல்லை, சுற்றறிக்கையும் இல்லை. அதே தெருவில் 1878இல் பாக்தாத் யூதர்கள் கட்டிய மகேன் அபோத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் லிட்டில் இந்தியாவோடு திரும்பிவிடாதீர்கள். தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அரை நாளில் இந்தத் தெருவையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் நடந்தே பார்க்கலாம். பள்ளிவாசல்களுக்கு வெள்ளி நண்பகல் தவிர்த்த வேளையில் செல்லுங்கள். நம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிங்கப்பூர்த் தமிழரின் கோயில் வரலாற்றையும் பள்ளிவாசல் வரலாற்றையும் கைதிகளின் வரலாற்றையும் தனித்தனி நூல்களாக எழுதுவதை விட்டு, ஒரே கரையில் இறங்கியவர்களின் ஒரே வரலாறாக எழுத முன்வாருங்கள்.